ஆசிரியர் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம்: தயவா, ஊதியமா?

அம்மா பள்ளி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்டு, பீரோவின் அடித்தட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழுப்பு நிற ஃபைல் ஒன்று கையில் சிக்கியது. உள்ளே மேலாகப் பதினொரு தாள்கள். எல்லாமே கார்பன் நகல்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் ‘பெறுநர்: தாளாளர் அவர்கள்’. அதற்குக் கீழே, ‘பொருள்: கட்டணச் சலுகை வேண்டுதல்’. நமது பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரியும் நான், இரண்டாம் வகுப்பில் பயிலும் என் மகளின் கல்விக் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முதல் தாளில் இருந்தது. அடுத்த தாளில் மூன்றாம் வகுப்பு, அதற்கடுத்ததில் நான்காம் வகுப்பு. வகுப்பும் தேதியும் மாறிக்கொண்டே வந்தன. ‘பணிவுடன்’ மட்டும் மாறவில்லை. கடைசித் தாள் பன்னிரண்டாம் வகுப்புக்கானது.

அந்த மகள் நான்தான். கொங்கு வட்டாரத்துச் சிறுநகரம் ஒன்றில் இருந்த மெட்ரிக் பள்ளி அது. அம்மா 1993-ல் வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளம் மாதம் 900 ரூபாய். ஜூன் முதல் வாரத்தில் விண்ணப்பம் போகும். “பார்க்கலாம் டீச்சர்” என்பார் தாளாளர். முடிவு தெரிய ஆடி பிறந்துவிடும். அதுவரை, டேர்ம் ஃபீஸ் கட்டாதவர்களின் பட்டியலை வகுப்பில் வாசிக்கும்போது என் பெயரும் வரும். வாசிக்கிற மிஸ், மதியம் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். என் பெயர் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்தத் தாழ்ந்த குரல்தான் வகுப்பு முழுவதற்கும் நன்றாகக் கேட்கும்.

அந்தப் பாதிக் கட்டணத்தில்தான் நான் படித்தேன். அதை ஒருநாளும் மறந்ததில்லை. அந்தப் பள்ளியின் மேல் எனக்கு நன்றியும் உண்டு. ஆனாலும், முப்பது ஆண்டுகள் கழித்து அந்த ஃபைலைப் புரட்டும்போது ஒரு கேள்வி எழுகிறது. காலை எட்டரை மணி முதல் மாலை ஐந்து மணி வரை உழைத்த ஒரு பெண்மணி, அந்த உழைப்புக்கான பலனின் ஒரு பகுதியை ஏன் ஆண்டுதோறும் மனுப்போட்டுக் கேட்க வேண்டியிருந்தது? இன்றும் தனியார் பள்ளிகளில் பணிபுரியும் பலருக்கு நிலைமை இதுவாகவே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே வாசல், ஒரே மணி

தனியார் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். எம்.ஏ., பி.எட். முடித்தவரின் சம்பளம் பக்கத்து ஜவுளிக்கடை விற்பனையாளரின் சம்பளத்தைத் தாண்டாத பள்ளிகள் நம் சிறுநகரங்களில் இன்னும் இருக்கின்றன. அந்தச் சம்பளத்துக்கு ஏன் போகிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான்: “பிள்ளைங்களும் அங்கேயே படிச்சுக்கும்ல.”

அந்தப் பதிலுக்குள் ஒரு குடும்பத்தின் முழுக் கணக்கும் இருக்கிறது. அம்மாவும் பிள்ளையும் ஒரே வாசலில் நுழைகிறார்கள். ஒரே மணிக்குத் திரும்புகிறார்கள். அவருக்கு விடுமுறை என்றால் பிள்ளைக்கும் விடுமுறை. வேன் ஃபீஸ் கிடையாது. மாலை நான்கு மணிக்குப் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கவலை கிடையாது. இவற்றோடு கல்விக் கட்டணத்தில் பாதியோ, கால்வாசியோ குறைகிறது. சில பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு முழு விலக்கு. சிலவற்றில் இரண்டாவது பிள்ளைக்கு மட்டும். பல இடங்களில் டியூஷன் ஃபீஸில் மட்டும்தான் தள்ளுபடி. புத்தகம், சீருடை, ஸ்மார்ட் கிளாஸ் என்று வருகிற மற்றவற்றை முழுதாகக் கட்டியாக வேண்டும்.

பள்ளிக்கும் இதில் லாபம் உண்டு. எல்.கே.ஜி.யில் பிள்ளையைச் சேர்த்த ஆசிரியை, அந்தப் பிள்ளை பிளஸ் டூ முடிக்கும் வரை, அதாவது பதினான்கு ஆண்டுகள், எளிதில் வேறு பள்ளிக்குப் போக மாட்டார். ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்கும் பள்ளியைப் பெற்றோர் நம்புவதில்லை. ஒரே முகத்தைப் பத்து ஆண்டுகள் பார்க்கும்போது வருகிற நம்பிக்கைக்கு எந்த விளம்பரத் தட்டியும் ஈடாகாது. “டீச்சர் பிள்ளையே இங்கேதான் படிக்குது” என்று அட்மிஷன் நேரத்தில் சொல்லப்படும் ஒரு வாக்கியத்தின் மதிப்பும் நிர்வாகத்துக்குத் தெரியும். சொந்தப் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கும் ஆசிரியரை ஏன், எதற்கு என்று கேட்கும் நிர்வாகங்கள் இருப்பதும் அதனால்தான்.

ஆசிரியைக்குக் கண்ணில் படாத இழப்பு ஒன்றும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 2020-ல் கொண்டுவந்தது. 2022-ல் தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர் கல்விக்குச் செல்லும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024-ல் வந்தது. இவை அவசியமான திட்டங்கள். அவற்றின் பயன் கண்கூடு. ஆனால், மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் சம்பளத்தில் தனியார் பள்ளியில் கற்பிக்கும் ஒரு தாயின் மகள் இவற்றில் எதற்குள்ளும் வர மாட்டாள். அவளுடைய பள்ளியின் பெயர்ப்பலகையே அவளை வசதியுள்ளவர்கள் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. பாதிக் கட்டணத்தைப் பெறுவதற்காக அந்தக் குடும்பம் கைவிடுகிற வாய்ப்புகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மால்வர்ன் பள்ளியின் கணக்கு

‘பாதிக் கட்டணத்தில் ஒரு பிள்ளையைச் சேர்த்தால் எங்களுக்கு அவ்வளவு நஷ்டம்’ என்று நிர்வாகங்கள் சொல்வதுண்டு. உண்மையில் எவ்வளவு செலவு? இந்தக் கேள்வி ஒருமுறை பிரிட்டனின் உச்சபட்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

இங்கிலாந்தின் வொர்ஸ்டர்ஷயரில் உள்ள மால்வர்ன் கல்லூரி, பெயரில் கல்லூரி என்றாலும் ஓர் உறைவிடப் பள்ளி. அங்கே ஆசிரியர்களின் மகன்கள் வழக்கமான கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் கட்டிப் படிக்கலாம். வருமான வரித் துறை 1980-களில் இதில் தலையிட்டது. சலுகையும் வருமானம்தான், அதற்கு வரி கட்டுங்கள் என்றது. ஒன்பது ஆசிரியர்களும் பள்ளியின் நிதிப் பொறுப்பாளரும் வழக்குக்குப் போனார்கள். சலுகை ஒரு பலன் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. அதன் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் வழக்கு.

பள்ளியின் மொத்தச் செலவை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் வருகிற தொகைதான் ஒரு பிள்ளைக்கான செலவு என்றது வரித் துறை. ஆசிரியர்களின் வாதம் வேறு. கட்டிடம் ஏற்கெனவே நிற்கிறது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் எப்படியும் போகிறது. பள்ளியில் இடங்கள் காலியாக இருக்கின்றன. எங்கள் மகன் ஒருவன் கூடுதலாக உட்காருவதால் சாப்பாடு, சலவை, எழுதுபொருள் போன்றவற்றுக்குத்தான் புதிதாகச் செலவாகிறது. அந்தச் செலவை நாங்கள் கட்டும் ஐந்தில் ஒரு பங்கே ஈடுகட்டிவிடுகிறது என்றார்கள். கீழ் நீதிமன்றங்களில் வரித் துறை வென்றது. பிறகு வழக்கு, அன்று நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவைக்கு வந்தது. 1976-ல் அந்த வரிச் சட்டம் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, ஆசிரியர் பிள்ளைகள் விஷயத்தில் பள்ளிக்கு ஆகும் செலவு மிகச் சிறியதாகவே இருக்கும் என்ற பொருளில் நிதித் துறை இணை அமைச்சர் ராபர்ட் ஷெல்டன் பேசியிருந்தார். அந்த அவைக் குறிப்பை நீதிபதிகள் எடுத்துப் பார்த்தார்கள். 1992 நவம்பரில் ஆசிரியர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது.

‘பெப்பர் எதிர் ஹார்ட்’ என்ற அந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். சட்டத்தின் பொருளை அறிய நாடாளுமன்ற விவாதத்தை நீதிமன்றம் புரட்டிப் பார்க்கலாம் என்ற வழியைத் திறந்துவிட்டதற்காக அது புகழ்பெற்றது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது காலியாக இருந்த அந்த இருக்கைதான். முப்பது பேர் உள்ள வகுப்பில் முப்பத்தோராவது பிள்ளையாக ஆசிரியையின் மகள் வந்து உட்காருவதால் மின்விசிறி கூடுதலாகச் சுழல்வதில்லை. இடம் நிரம்பி, முழுக் கட்டணம் கட்டுபவரைத் திருப்பி அனுப்பும் பள்ளிக்கு மட்டும்தான் அது உண்மையான இழப்பு. நம் ஊர்களில் அப்படிப்பட்ட பள்ளிகள் எத்தனை? பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும் பள்ளிகளும் ‘உன் பிள்ளைக்காக நாங்கள் இத்தனை ஆயிரம் விட்டுக்கொடுக்கிறோம்’ என்று சொல்லித்தான் சம்பள உயர்வைத் தள்ளிப்போடுகின்றன.

வரிக்கு ஊதியம், விலகும்போது தயவு

நம் நாட்டின் வருமான வரிச் சட்டமும் இந்தச் சலுகையை ஊதியத்தோடு சேர்த்தே பார்க்கிறது. சம்பளத்துக்கு மேல் முதலாளி தரும் வசதிகளை ‘பெர்க்விசிட்’ என்பார்கள் கணக்காளர்கள். பள்ளி தன் ஊழியரின் பிள்ளைக்கு இலவசமாகவோ சலுகையிலோ கல்வி தந்தால், அதே பகுதியில் உள்ள அதுபோன்ற இன்னொரு பள்ளியில் அந்தக் கல்விக்கு ஆகும் செலவை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிட வேண்டும் என்பது 2001-ல் திருத்தப்பட்ட விதி. பிள்ளை ஒன்றுக்கு மாதம் 1,000 ரூபாய்க்குள் இருந்தால் வரி இல்லை என்று அந்த விதி சொன்னது. அந்த 1,000 ரூபாய் வரம்பு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நகராமலேயே இருந்தது.

சிறுபள்ளி ஆசிரியர்களுக்கு இந்த வரியால் பெரிய பாதிப்பு இல்லை. வரி கட்டும் அளவுக்கு அவர்களுக்குச் சம்பளமே கிடையாது. நான் சுட்டுவது வேறு. அரசின் வரிக் கணக்கில் இந்தச் சலுகை ‘சம்பளம்’ என்ற தலைப்பின் கீழ் வருகிறது. வேலைக்குச் சேரும்போது, “சம்பளம் பத்தாயிரம்தான், ஆனா ரெண்டு பிள்ளைக்கும் ஃபீஸ் பாதி, அதையும் சேர்த்துப் பாருங்க மேடம்” என்று பேரம் பேசும்போதும் அது சம்பளமாகத்தான் இருக்கிறது. ஆசிரியை விலகும் நாளில்தான் அது தயவாக மாறுகிறது. டிசம்பரில் வேலையை விட்டவரிடம் ஜூன் முதல் தந்த தள்ளுபடியைத் திருப்பிக் கேட்ட கதைகள் ஆசிரியர்களிடையே சாதாரணம். பணம் கட்டினால்தான் பிள்ளையின் டி.சி., உங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட் என்று நிறுத்திவைக்கிறார்கள். கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு பள்ளி அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியையின் காதுக்கு எட்டியதா என்பதுதான் கேள்வி.

அவர் எந்தக் கதவைத் தட்டுவார்? ஆசிரியர்கள் தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் ‘தொழிலாளர்’ ஆக மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1988-ல் சொல்லிவிட்டது. பணிக்கொடை கேட்டபோது, பணிக்கொடைச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை என்று 2004-ல் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் முதல் பொருந்தும்படி அவர்களைச் சேர்த்தது. பள்ளிகள் தரப்பு அதையும் எதிர்த்து வழக்காடியது. 2022 ஆகஸ்டில்தான், அது ஆசிரியர்களின் நியாயமான உரிமையே என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. மற்றத் துறைகளில் இயல்பாகக் கிடைத்த ஒன்றுக்காக ஆசிரியர்கள் கால் நூற்றாண்டு காத்திருந்திருக்கிறார்கள். எழுத்தில் வந்த உரிமைக்கே இந்தப் பாடு. வாய்வார்த்தையாக மட்டும் இருக்கும் கட்டணச் சலுகைக்கு என்ன காப்பு இருக்க முடியும்?

இன்னொரு பக்கம் பாருங்கள். மத்திய அரசு ஊழியருக்குக் குழந்தைகள் கல்விப் படி உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017 ஜூலை முதல் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 2,250 ரூபாய் என இரண்டு பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டது. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும் 2,812 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. எத்தனை பிள்ளைகளுக்கு, எவ்வளவு, எப்போது உயரும் என்பதெல்லாம் ஆணையில் இருக்கிறது. அதைப் பெற எந்த ஊழியரும் மேலதிகாரியின் அறை வாசலில் கைகட்டி நிற்பதில்லை. ஊருக்கெல்லாம் கல்வி தரும் பள்ளியில் வேலை பார்ப்பவருக்கு மட்டும் அந்த மரியாதை வாய்க்கவில்லை.

நிர்வாகங்களின் நியாயம்

மறுதரப்பையும் கேட்க வேண்டும். இருநூறு, முந்நூறு பிள்ளைகளோடு நடக்கும் பள்ளிகளின் தாளாளர்கள் எல்லோரும் பணத்தில் புரள்பவர்கள் அல்லர். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 25% இடங்களில் சேர்த்த பிள்ளைகளுக்கான தொகை அரசிடமிருந்து தாமதமாக வருகிறது. தமிழ்நாட்டின் 2009-ம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு வரையறுக்கும் தொகைக்கு மேல் வசூலிக்கவும் முடியாது. இதற்கு நடுவில் ஆசிரியர் பிள்ளைகளுக்கும் சலுகை தருவது சுமை என்று அவர்கள் சொன்னால், அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

முழுக் கட்டணம் கட்டும் பெற்றோரிடமும் ஒரு முணுமுணுப்பு உண்டு: “நாங்க கட்டற காசுலதானே அவங்க பிள்ளை படிக்குது?” அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியையின் சம்பளமும் நீங்கள் கட்டும் காசுதான். அந்தச் சம்பளத்தின் ஒரு பங்கு அவருடைய பிள்ளையின் படிப்பாகப் போகிறது; அவ்வளவுதான் விஷயம். தன் பிள்ளையின் கட்டணத்தை எண்ணி இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருவர், காலையில் உங்கள் பிள்ளைக்கு எந்த மனதோடு பாடம் நடத்துவார்?

சிறிய பள்ளிகளின் சிரமம் சலுகையின் அளவைக் குறைக்கக் காரணமாகலாம். பாதி முடியாவிட்டால் கால்வாசி தரட்டும். இரண்டு பிள்ளைக்கு முடியாவிட்டால் ஒன்றுக்குத் தரட்டும். தருவது எவ்வளவு என்பதை எழுதித் தர மறுப்பதற்கு அந்தச் சிரமம் காரணமாக முடியாது. எழுதுவதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.

எழுத்தில் வர வேண்டியவை

முதலாவதாக, பணி நியமன ஆணையிலேயே சலுகை இடம்பெற வேண்டும். எந்தெந்தக் கட்டணத்தில் எத்தனை சதவீதம், எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த வகுப்பு வரை என்று வெளிப்படையாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் மனுக் கேட்கும் வழக்கம் அத்தோடு ஒழிய வேண்டும்.

இரண்டாவதாக, கல்வியாண்டு தொடங்கிய பிறகு சலுகையைப் பறிக்கக் கூடாது. ஆசிரியர் விலகினாலும் விலக்கப்பட்டாலும் அந்த ஆண்டு முடியும்வரை பிள்ளைக்கு அது தொடர வேண்டும். பணியில் இருக்கும்போதே ஆசிரியர் இறந்துபோனால், பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை நீடிக்க வேண்டும். பெரியவர்களுக்கு இடையிலான பிணக்கில் ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பிணையாக வைப்பது கல்வி நிலையத்துக்கு அழகல்ல.

மூன்றாவதாக, சம்பளம் தனி, சலுகை தனி. சலுகையைக் காட்டிச் சம்பளத்தைக் குறைத்தால், அதே வேலையைச் செய்யும் பிள்ளை இல்லாத ஆசிரியருக்கும் திருமணமாகாத ஆசிரியருக்கும் அது அநீதி. சம்பளம் குறைந்தால் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்தே குறைகின்றன. அந்த இழப்பு ஓய்வுபெறும் நாளில்தான் தெரியவரும்.

நான்காவதாக, அரசுக்கு ஒரு கோரிக்கை. தமிழ்நாடு தனியார் பள்ளிகள் முறைப்படுத்தும் சட்டம் 2018-ல் இயற்றப்பட்டு, 2023-ல் அதற்கு விதிகளும் வகுக்கப்பட்டுவிட்டன. ஊழியர் பிள்ளைகளுக்கான சலுகைக் கொள்கையை எழுதி வைத்திருக்க வேண்டும் என்ற ஒரு விதியை அதில் சேர்ப்பது கடினமல்ல. கட்டணம் நிர்ணயிக்கும்போது பள்ளியின் நிர்வாகச் செலவுகளைக் குழு பார்க்கத்தான் செய்கிறது. ஊழியர் பிள்ளைகள் எத்தனை பேர், என்ன சலுகை என்பதற்கும் அதற்கான படிவத்தில் ஒரு கட்டம் இருக்கட்டும். உண்மையில் சலுகை தரும் பள்ளிக்கு அதனால் நன்மையே விளையும்.

ஐந்தாவதுதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. ‘ஸ்டாஃப்’ என்ற சொல்லுக்குள் எல்லோரும் வர வேண்டும். எங்கள் பள்ளியில் ஓர் ஆயாம்மா இருந்தார். எல்.கே.ஜி. பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, டிபன் ஊட்டி, ஈரக் கால்சட்டையை மாற்றிவிடுபவர். என்னையும் என்னைப் போன்ற நூறு பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைப்பார். கட்டணச் சலுகை ஆசிரியர்களுக்கு மட்டும் என்பதால், அவருடைய மகள் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்தாள். அந்தப் பள்ளியில் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே படித்தாள். ஆனால், மாலையில் அம்மாவுக்காகக் காத்திருக்கும்போது எங்கள் பள்ளி கேட்டுக்கு வெளியேதான் நிற்பாள். கேட்டின் இந்தப் பக்கம் நானும் அம்மாவுக்காகக் காத்திருப்பேன். கம்பிகளுக்கு நடுவே இருவரும் பேசிக்கொள்வோம். எங்கள் இருவரின் அம்மாக்களும் ஒரே கூரையின் கீழ்தான் உழைத்தார்கள். வேன் ஓட்டுநர், காவலாளி, அலுவலக உதவியாளர் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் அந்தக் கேட் திறக்க வேண்டும்.

அம்மாவின் ஃபைலை நான் தூக்கிப்போடவில்லை. பதினொரு விண்ணப்பங்களுக்கும் அடியில், மஞ்சளேறிய பணி நியமன ஆணையும் அதில் இருந்தது. சம்பளம் 900 ரூபாய், வேலை நேரம், விடுப்பு என மொத்தம் எட்டு வரிகள். ஒன்பதாவதாக இன்னும் ஒரு வரியை அன்றைக்கே எழுதியிருந்தால், அந்த ஃபைலில் பதினொரு தாள்கள் குறைந்திருக்கும்.